வாலு எந்திரிச்சிடுச்சு

எலி வாலைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். தினமும் காலையில் ஆய்வுக்கூடத்து எலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வால் விறைப்பாக நிற்கிறதா, துவண்டு தொங்குகிறதா என்று குறித்துவைப்பேன். இதற்கா இத்தனை படிப்பு என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும்.

உடம்பைக் காக்கவேண்டிய செல்களே நரம்பின் உறையைக் கடித்துக் குதறும் நோய் அந்த எலிகளுக்கு. முதலில் வால் தொங்கும், அப்புறம் பின்னங்கால்கள் விழும். குணமாகும்போது வால்தான் கடைசியில் எழும். என் தங்கைக்கும் கிட்டத்தட்ட இதே கோளாறு, வால் ஒன்றுதான் இல்லை. செய்த சேட்டைக்கு அவள் பெயரே வீட்டில் வாலு!

அவள் படுத்து இருபத்தொரு நாள். மருந்தெல்லாம் ஏற்றி முடித்து, இனிப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. "விழுந்துடுவேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இப்படியே இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

அன்று ஏழாம் எலியைத் தூக்கினேன். குடலில் குடியிருக்கும் சில செல்கள் மூளைப்பக்கம் போய்ச் சண்டைக்காரச் செல்களை அடக்குமா என்று பார்க்க, அவற்றை இதற்கு ஏற்றியிருந்தோம். பதினெட்டு நாளாகத் துவண்டு கிடந்த வால் விருட்டென்று நிமிர்ந்து என் முகக்கவசத்தில் ஒரு அடி வைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா வேலை பார்க்கும் தையல் ஆலையில் நாற்பது மெஷின்கள் ஓடும் இரைச்சல்.

"அம்மா! வாலு எந்திரிச்சிடுச்சு!"

"என்னது?"

"வாலும்மா! வாலு எந்திரிச்சிடுச்சு!"

"ஐயோ என் கண்ணே!" என்று ஒரு அலறல், போன் கட்.

என்ன சொல்லித் தொலைத்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. திருப்பி அடித்தால் எடுக்கவில்லை. கையிலேயே இருந்த எலியைக் கூண்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நான் மாடிப்படி ஏறுவதற்குள் அம்மா உள்ளே போயிருந்தாள். கழுத்தில் அளவு டேப், தோளில் யாருடைய சட்டைக் கையோ.

"எந்திரிச்சிட்டியாமே?" என்று கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். தங்கை படுத்தபடியே விழித்தாள்.

"அது எலி வாலும்மா," என்றேன். அம்மாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் குடல், செல், ஏழாம் எலி என்று மூச்சுவிடாமல் உளறிக்கொட்டினேன். இது மனுஷனுக்குப் பலிக்குமா என்று தெரிய எத்தனையோ வருஷம் ஆகும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"வயித்துல இருக்கறது மண்டை வரைக்கும் போய்ப் பஞ்சாயத்து பண்ணுதா?" என்று தங்கை களுக்கென்று சிரித்தாள். "எலி எத்தனை நாள் படுத்திருந்துச்சு?"

"பதினெட்டு."

"நான் இருபத்தொண்ணு. போயும் போயும் எலிகிட்டயா தோக்கறது? அசிங்கம்க்கா. கையைக் குடு."

ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். முழங்கால்கள் வெடவெடவென்று ஆட, நின்றாள். மூன்று பேரும் பைத்தியம் போலச் சிரித்தோம். அம்மா சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். நாலிலேயே வாலு தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பத்து வரைக்கும் எண்ணினாள்.