வத்தல் காயும் ஓடுதளம்

முன்கண்ணாடியின் இடது ஓரத்தில் சிவப்பு சாய்ந்து நிற்கிறது, சாய்ந்திருப்பது தரையா விமானமா என்று ஒரு கணம் மாரிச்செல்விக்குப் பிடிபடவில்லை, எஞ்சின் இருமி இருமி அடங்கிப்போய், மூக்கில் சுழல வேண்டிய காற்றாடி குறுக்குக் கட்டையாக அசையாமல் நிற்க, காற்று மட்டும் இறக்கையைத் தடவிக்கொண்டு போகிறது, வானத்தில் இவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை, கீழே வல்லக்குளத்து ஓடுதளம், பாதி கறுப்பு, பாதி சிவப்பு, போன வருஷமும் இப்படித்தான் இருந்தது, போன வருஷம்தான் இதே இடத்தில் இதே மாதிரி ஒரு குட்டி விமானத்தைக் குப்புறத் தள்ளி, காறை எலும்பை ஒடித்துக்கொண்டு, ஊர் சிரிக்கக் கிடந்தாள். அதன் பிறகு இன்றைக்குத்தான் மறுபடியும் தனியாகப் பறக்க விட்டார்கள், இந்த ஊர்ப் பக்கமே வரக்கூடாது என்று சுற்றிக்கொண்டுதான் போகப் பார்த்தாள், சனியன் பிடித்த எஞ்சின் நின்று தொலைவதற்கு இந்த ஊர்தானா கிடைத்தது, சுற்றிலும் கருவேலங்காடு, இறங்குவதற்கு வேறு ஒரு சாண் இடம் இல்லை.

எந்தக் காலத்திலோ யுத்தத்துக்காகப் போட்ட தளம் அது, யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனதும் வல்லக்குளத்துக்காரர்கள் மிளகாய் வத்தல் காயப்போட எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் விமானப் பயிற்சிக் கழகம் வந்து, பிள்ளைகள் இறங்கி ஏறிப் பழகட்டுமா என்று கேட்டபோது, அதுக்கென்ன, தாராளமா இறங்கட்டும் என்றார்கள், பெரிய மனசுதான், பாதியை விட்டுக்கொடுத்தார்கள், தார்ரோட்டில் கம்பு காயப்போட்டால் நடுவில் கல்லை வரிசையாக வைத்து பஸ்ஸுக்கு ஒரு பக்கம் விடுவோமே, அதே நியாயம், இந்தப் பக்கம் வத்தல், நடுவில் கல், அந்தப் பக்கம் ஏரோப்பிளேனுக்கு. போன வருஷம் இதை மாரிச்செல்வியிடம் யாரும் சொல்லவில்லை, இறங்கும்போது ஓடுதளத்தின் கடைசி முனையைப் பாரு, நீ எங்கே பார்க்கிறாயோ விமானம் அங்கேதான் போகும் என்று கேப்டன் அமலி மேடம் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்திருந்தும், இவள் சிவப்பைப் பார்த்தாள், இது என்ன கண்றாவி என்று பார்த்தாள், விமானமும் அங்கேயே போனது, சக்கரம் கல்லில் ஏறியது, அப்புறம் தரை வானத்தில் இருந்தது, வாயெல்லாம் நெடி, கதவைப் பிய்த்து அவளை வெளியே இழுத்துப்போட்டது வத்தலுக்குச் சொந்தக்காரி வெள்ளத்தாய் அக்காதான், தும்மிக்கொண்டே இழுத்தாள், தும்மிக்கொண்டே வைதாள், தும்மிக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள்.

கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வந்தாள், கட்டிலில் உட்கார்ந்து ஒரு பழத்தை இரண்டாகப் பிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் தாயி, எம்புட்டு எடம் விட்டிருந்தோம், பஸ்ஸே போகுமே, அதுல உன்னால எறக்க முடியலையா என்று கேட்டாள், கிண்டலாகக்கூட இல்லை, நிஜமான ஆதங்கத்தோடு கேட்டாள், விசாரணைக் குழு கேட்ட எதுவும் மாரிச்செல்வியை அப்படிச் சுட்டதில்லை. அந்தக் கல்லை எடுத்துருங்கக்கா என்றதற்கு, கல்லு இல்லாட்டி வத்தல் எது, ரோடு எதுன்னு எப்பிடித் தெரியும், நாங்க என்ன வெவரங்கெட்டவளுகளா, சத்தம் கேட்டதும் எந்திரிச்சு ஒதுங்கிக்கிட மாட்டோமா என்றாள். அதற்கப்புறம் கழகத்திலிருந்து வந்து தளத்தைச் சுற்றி வேலி போட்டார்கள், உள்ளே வரக்கூடாது என்று போர்டு வைத்தார்கள், மாசி வெயில் வந்ததும் வேலியில் சேலை காய்ந்தது, தளத்தில் வத்தல் காய்ந்தது, மாரிச்செல்வியின் தூக்கத்தில் மட்டும் விமானம் இறங்கவே இல்லை, சிவப்புக்கு மேலே மிதந்துகொண்டே இருந்தது, எழுந்தால் தோள் வலித்தது. அமலி மேடம் மறைக்காமல் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னாலயும் உன்னைக் காப்பாத்த முடியாது செல்வி, பறக்கிறதை மறந்துற வேண்டியதுதான். மறப்பதாவது, அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது, அதை யாரிடம் போய்ச் சொல்ல.

ரேடியோவில் அதே குரல்தான் இப்போது, எங்கே இறக்கப்போறே, வல்லக்குளத்துல மேடம் என்கிறாள் இவள், முனையைப் பாரு செல்வி என்கிறது குரல். பார்க்கிறாள், கறுப்புப் பாதியின் முனையைத்தான் பார்க்கிறாள், எஞ்சின் இல்லாத விமானத்துக்கு ஒரு தடவைதான், தப்பினால் மேலே ஏறி இன்னொரு சுற்று வர முடியாது, கல் வரிசைக்கு அந்தப் பக்கம் பஸ் போகிற இடம், அதில் இறக்கிவிட்டால் போதும், உயரம் சரி, வேகம் சரி, அப்போதுதான் கறுப்பின் நடுவில் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிகிறது, ஆட்கள், பெண்கள், தலையில் முக்காடு போட்டு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், சத்தம் கேட்டால் எந்திரிப்பவர்கள், சத்தம்தான் செத்துப்போயிற்றே, எந்திரிங்க அக்கா என்று கத்துகிறாள், கண்ணாடிக்குள்ளேயே சுற்றுகிறது குரல், ஒருத்தியும் திரும்பவில்லை, ஒருத்தி பக்கத்திலிருப்பவளின் சட்டியில் கைவிடுகிறாள், சிரிக்கிறார்கள் போல. அவ்வளவுதான், யோசிக்க ஒன்றுமில்லை, கை தானாக விமானத்தைச் சாய்த்தது, கல் வரிசை காலடியில் நழுவி வலது பக்கம் போனது, முன்னால் முழுக்கச் சிவப்பு, ஒரு வருஷமாகத் தூக்கத்தில் மிரட்டிய சிவப்பு, வா, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று அவளே அதற்குச் சொன்னாள், வாய்விட்டுச் சொன்னாள், இந்தத் தடவை சிவப்பைப் பார்க்கவில்லை, சிவப்பு முடிகிற முனையைப் பார்த்தாள், மூக்கை மெல்லத் தூக்கினாள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வத்தல் நொறுங்கும் சத்தம் கேட்டது, மொறுமொறுவென்று, இரண்டு சக்கரமும் ஒன்றாக, பிறகு மூக்குச் சக்கரம், இரண்டு பக்கமும் வத்தல் பறக்கிறது, வழுக்குகிறது, பிரேக்கை அழுத்தாதே, அழுத்தாதே, ஓடட்டும், காலால் மட்டும் நேராகப் பிடி, ஓடுகிறது, மெதுவாகிறது, நிற்கிறது. நின்றுவிட்டது, தரை கீழேதான் இருக்கிறது, வானம் மேலேதான் இருக்கிறது.

இறங்கியதும் தும்மல், கண்ணில் தண்ணீர், எது நெடியால் வந்தது எது சந்தோஷத்தால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை, சோற்றுக்கையோடு ஓடி வந்தவர்களுக்கு முன்னால் வெள்ளத்தாய் அக்கா, இவளைப் பார்த்ததும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீதானா, அம்புட்டு எடம் விட்டும் மறுபடி என் வத்தல்மேலதானா என்று ஆரம்பித்தாள். எஞ்சின் நின்னுபோச்சுக்கா, சத்தம் இல்ல, நீங்க எல்லாரும் ரோட்டுல உக்காந்திருந்தீங்க என்றாள் மாரிச்செல்வி. வெள்ளத்தாய் அக்கா திரும்பிப் பார்த்தாள், சிவப்புக்கு நடுவில் நேராக ஓடிவந்த சக்கரத் தடத்தைப் பார்த்தாள், கல் வரிசையைப் பார்த்தாள், அதற்கு அந்தப் பக்கம் திறந்தபடி கிடந்த தூக்குச்சட்டிகளைப் பார்த்தாள், கிட்டே வந்து, சோற்றுக்கை என்றும் பாராமல் இவள் முகத்தைப் பிடித்து, கல்லு ஒண்ணுகூட அசையல தாயி என்றாள். மாரிச்செல்விக்கு அப்போதுதான் தெரிந்தது, ஜெயித்துவிட்டாள், உடம்பு முழுக்கத் தெரிந்தது, தோள் வலிக்கவில்லை, ஓ என்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், சரி சரி, மூக்கைத் தொடை, ஏ கழுதைகளா என்ன வேடிக்கை, வெயிலு போகுது, இந்த வண்டிய அந்தப் பக்கம் தள்ளுங்க, வத்தலப் பரத்தணும் என்று வெள்ளத்தாய் அக்கா சேலையை வரிந்து கட்டினாள்.

எங்கே பிடித்துத் தள்ள வேண்டும் என்று மாரிச்செல்விதான் காட்டிக்கொடுத்தாள், அந்தச் சமயத்தில் செல்போன் அடித்தது, அமலி மேடம்தான், செல்வி, உனக்கு ஒண்ணும் ஆகலையே, விமானம் என்னாச்சு. ஒண்ணும் ஆகல மேடம், யாருக்கும் ஒண்ணும் ஆகல, முழுசா இருக்கு, ஆனா அப்புறம் பேசுறேன், இங்க ஆள் பத்தல என்று சொல்லிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெள்ளத்தாய் அக்காவுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.