பல்லில் மூன்று கோடுகள்

“போதும்! நிறுத்து! கையை எடு!”

டாக்டர் போட்ட சத்தத்தில் உதவியாளர் பெண் கையிலிருந்த மெஷினைத் தட்டில் நழுவவிட்டாள். அது தட்டிலேயே கிறுகிறுவென்று சுற்றி, பஞ்சு உருண்டைகளைச் சிதறடித்துவிட்டு ஓய்ந்தது.

நாற்காலியில் மல்லாந்திருந்த டீச்சர் தலையைத் தூக்கினாள். உதடுகளை இழுத்துப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கவ்வி வாயை மூடவிடவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்து, “ஆ... ஆ...” என்றாள்.

“ரத்தமா டாக்டர்?” என்று கேட்டாள் உதவியாளர்.

“ரத்தம் இல்லைம்மா. இங்கே பாரு. நீ தேய்க்கத் தேய்க்க என்ன ஆகுதுன்னு பாரு.”

உதவியாளர் குனிந்து பார்த்தாள். “ஐயோ” என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் கவ்வியைக் கழற்றி, டீச்சரின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். வாயைத் திறந்து பார்த்தாள். டீக்கறை, தண்ணீர்க் கறை என்று இத்தனை காலம் அவள் நினைத்திருந்த பழுப்பு போகவேயில்லை. மேலே படிந்திருந்த மங்கல் போனதும், முன்பற்களில் குறுக்காக மூன்று கோடுகள் தெரிந்தன. சாம்பலும் பழுப்பும் கலந்த கோடுகள். யாரோ ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் எல்லாப் பல்லிலும் அதே உயரத்தில்.

“என்ன டாக்டர் இது? வரும்போது இப்படி இல்லையே!”

“வரும்போதும் இருந்தது டீச்சர். அழுக்கு அதை மறைச்சிட்டு இருந்தது. இது மேலே ஒட்டின கறை இல்லை. பல்லுக்குள்ளே இருக்கு.” அவர் கையுறையை உருவி வீசினார். “பல்லை நேராக்கிற கம்பி கிளிப் இன்னைக்குப் போட முடியாது.”

கிளிப் போட முடியாது. பல்லில் கோடு என்று கேட்டதைவிட இதுதான் டீச்சரைத் தூக்கிவாரிப் போட்டது.

காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. சின்னஞ்சிறு வகுப்பறை, சுவர் நிறையக் கண்ணாடி, வட்டமாகக் குட்டி நாற்காலிகள். குழந்தைகள் அவள் வாயைப் பார்ப்பார்கள். உதடு எப்படி ஒட்டுகிறது, நாக்கு எந்தப் பல்லைத் தொடுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு சத்தமும் அவர்களுக்கு வரவேண்டும். அந்த வாயைத்தான் அவள் பள்ளிப் பருவத்திலிருந்தே கையால் மூடிப் பழகியிருந்தாள். பழுப்புப் பல், அதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல். வகுப்பில் கையை இறக்கிவிட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சென்ற மாதம் ஒரு குழந்தையின் தாய் பூரித்துப்போய் வந்து நின்றாள். “டீச்சர், எங்க பாப்பா ‘பந்து’ சொல்லுது! தெளிவா சொல்லுது! சொல்லிக் காட்டுடா கண்ணு!”

குழந்தை நிமிர்ந்து நின்றது. வலது கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு “பந்து” என்றது.

அப்படித்தான் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று அது நினைத்திருந்தது. கை வைத்தால்தான் பந்து. தாய்க்கு அது விளங்கவில்லை, கைதட்டினாள். டீச்சர் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முகம் வீங்க அழுதுவிட்டு வந்தாள். அடுத்த நாளே இந்த டாக்டரிடம் வந்துவிட்டாள்.

“பெரியவங்களுக்கு வெளியே தெரியாத மாதிரியே போடலாம்” என்று டாக்டர் அன்று மேஜைமேல் மாதிரிகளைப் பரப்பினார். “இது பல் நிறத்துக் கிளிப். இது கண்ணாடி மாதிரி உறை, சாப்பிடும்போது கழற்றி வைக்கலாம். இது நம்ம பழைய கம்பி.”

“பல் நிறம்னா எந்தப் பல் டாக்டர்? என் வாயில நாலு நிறம் இருக்கே.”

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

“அந்தக் கண்ணாடி உறை பளபளக்கும், குழந்தைங்களுக்கு என் பல்லு தெரியாது. கம்பியே போடுங்க. மறைச்சு மறைச்சு எனக்குக் கையே வலிக்குது.”

வீட்டில் கணவன் விட்டுவைப்பானா? “முப்பத்தாறு வயசுல கம்பியா? ரெட்டைச் சடையும் போட்டுக்கோ, ஸ்கூல் வண்டியில ஏத்திவிடறேன்” என்றான். ஆனாலும் மூன்றே நாளில் அவன்தான் அலுவலகத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது கிளிப் கிடையாதாம்.

“ஏன் டாக்டர்?”

டாக்டர் சக்கரம் வைத்த ஸ்டூலை அருகில் இழுத்து உட்கார்ந்தார். “இந்த மாதிரி கோடு ரெண்டு விதத்துல வரும். ஒண்ணு, பல்லு உள்ளே உருவாகிற வயசுல, முதல் ரெண்டு மூணு வயசுக்குள்ள, சில மருந்து கொடுத்திருப்பாங்க. அது பல்லுக்குள்ளே சாயமா இறங்கிடும். எத்தனை தடவை கொடுத்தாங்களோ அத்தனை கோடு. அப்படின்னா கவலையே வேண்டாம். நிறம்தான் மட்டம், பல்லு இரும்பு. தாராளமா கிளிப் போடலாம்.”

“இன்னொண்ணு?”

“பரம்பரை. பல்லோட மேல்பூச்சே பிறவியிலயே பலவீனம். அதுல நான் கிளிப்பை ஒட்டிட்டா, கழற்றும்போது பூச்சும் பேர்ந்துக்கிட்டு வந்துடும். அப்ப கம்பியை மறந்துட வேண்டியதுதான். முன்பல்லை எல்லாம் செதுக்கி உறை மாட்டணும்.”

“எக்ஸ்ரே எடுத்தீங்களே?”

“வேர் நல்லா இருக்குன்னு சொல்லுது. பூச்சைப் பத்தி அது வாயே திறக்கலை. சின்ன வயசுல பெரிய காய்ச்சல், ஆஸ்பத்திரி, ஏதாவது?”

டீச்சருக்கு முகம் மலர்ந்தது. “அம்மாவைக் கேட்டா தெரிஞ்சிடும் டாக்டர். குழந்தைங்க வார்டுல நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. மருந்து பேரைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க.”

அங்கேயே போனைப் போட்டாள். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வந்தது.

“என்ன பாப்பா, கம்பி கட்டியாச்சா? வலிக்குதா?”

விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் மிக்ஸி ஓடும் சத்தம் நின்றது.

“மருந்தா? உனக்கா? ஸ்கூல் போற வரைக்கும் உனக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லையே.”

டாக்டர் குறுக்கிட்டார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சிஸ்டர். நெஞ்சு சளி, நிமோனியா மாதிரி? மூணு தடவை கொடுத்த மாதிரி தெரியுது.”

“நான் வார்டுல இருந்தவ டாக்டர். அந்த மருந்தை எட்டு வயசுக்குக் கீழே கொடுக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?” குரலில் ஒரு வெடுக். அப்புறம் நீளமான அமைதி. லைன் போய்விட்டதோ என்று டீச்சர் திரையைப் பார்த்தாள்.

“அவங்கப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது” என்றாள் அம்மா. “பல்லு. கோடு கோடா.”

டீச்சர் திடுக்கிட்டாள். அப்பா அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டில் இருக்கும் எல்லாப் படத்திலும் அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டுதான் இருக்கிறார்.

“ஏம்மா, ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கியா?”

“நீ கேட்டியா?” என்றாள் அம்மா. போன் வைக்கப்பட்டுவிட்டது.

டாக்டர் பேனாவை மூடினார். “நர்ஸம்மாவே சொன்னப்புறம் அப்பீல் ஏது? பரம்பரைதான். கிளிப் வேண்டாம் டீச்சர். உறை போட்டுடலாம். வரிசையும் சரியாயிடும், நிறமும் வந்துடும்.”

அன்று மாலை கணவனிடம் சொன்னபோது அவன் வாயில் ஜோக் வரவில்லை. “செதுக்கினா திரும்ப வளராதா?”

“நகமாங்க அது?”

“அப்ப எதுக்கு? பேசாம இப்படியே இரேன். எனக்கு ஒண்ணும் தெரியலை.”

“உங்களுக்குத் தெரிய வேண்டாம். அந்தக் குழந்தைங்களுக்குத் தெரியணும்” என்றாள் அவள்.

அடுத்த வாரம். கணவனுக்கு அலுவலகத்தில் தணிக்கை என்பதால் துணைக்கு அம்மா வந்தாள். பிளாஸ்க், துண்டு, தலைவலி மாத்திரை, கூடவே “பயப்படாதே பாப்பா, வெளியே நான் இருக்கேன்” என்று ஒரு தட்டு முதுகில். டீச்சர் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

மேலுதட்டுக்குள் ஊசி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உதடு தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. மூக்குக்குக் கீழே யாரோ ஒரு தலையணையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

வெளியே அம்மா சும்மா இருக்கவில்லை. பணி ஓய்வு பெற்றாலும் நர்ஸ் நர்ஸ்தான். கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“ஏம்மா, உறைன்னா தொப்பி மாதிரி மேலே மாட்டிவிடுவீங்க. அவ்வளவுதானே?”

“மேலே மாட்டணும்னா உள்ளே இடம் வேணுமேம்மா. முதல்ல சின்னதாக்கணும்.” அந்தப் பெண் அலமாரியிலிருந்து பல்வரிசையின் மாவுக்கட்டு வார்ப்பு ஒன்றை எடுத்து நீட்டினாள். “இப்படி.”

அம்மா அதைக் கையில் வாங்கினாள். முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் சீவிய பென்சில் முனைகள் மாதிரிக் குச்சி குச்சியாய்ப் பத்து நின்றன.

“இது... இது மறுபடியும்...”

“மறுபடியும் ஏதும்மா? வாழ்நாள் பூரா உறைதான். உடைஞ்சா புதுசு, அதுவும் உடைஞ்சா இன்னொண்ணு.”

“நல்ல பல்லை யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?”

உதவியாளர் விழித்தாள். “நல்ல பல்லா? பரம்பரையில வந்ததுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

கதவுக்கு உள்ளே மெஷின் கீச்சென்று சுழலத் தொடங்கியது.

வார்ப்பு தரையில் விழுந்து தூளாயிற்று. உதவியாளர் “அம்மா, உள்ளே போகக்கூடாது!” என்று கத்துவதற்குள் அம்மா கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு பாய்ந்துவிட்டாள். டாக்டரின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே தூக்கினாள். மெஷின் காற்றில் சுழன்று தண்ணீரைப் பீய்ச்சியது. விளக்கு, சுவர், டாக்டரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் நனைந்தன.

“விடுங்க! என்ன பண்றீங்க? பல்லுல பட்டிருந்தா?”

“தொடாதீங்க டாக்டர்! அந்தப் பல்லைத் தொடாதீங்க! அது நல்ல பல்லு!”

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தில் கட்டிய பச்சைத் துணி ஒரு பக்கமாகத் தொங்கியது. நாக்கால் முன்பற்களைத் தடவிப் பார்த்தாள். இருந்தன. எல்லாம் இருந்தன.

டாக்டர் காலால் மிதித்து மெஷினை நிறுத்தினார். அவருக்கு மூச்சு வாங்கியது. “சிஸ்டர், நீங்க சொன்னதை வச்சுத்தானே நான் இந்த முடிவுக்கு வந்தேன்?”

“பொய் சொன்னேன். இவ அப்பாவுக்குப் பல்லு முத்து மாதிரி இருக்கும். வெட்கப்பட்டு வாயை மூடிக்குவாரு, அவ்வளவுதான்.” அம்மாவின் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. “மருந்துதான் டாக்டர். நெஞ்சு முழுக்கச் சளி. மூச்சு இழுத்துக்கிட்டிருந்தது. அப்ப வார்டுல வேற மருந்து எதுவும் வேலை செய்யலை. பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாரு. ரெண்டு வயசுக்குள்ள மூணு தடவை.”

“அதைக் கொடுத்தது...?”

“நான்தான். வேளை தவறாம என் கையாலதான் கொடுத்தேன்.”

டாக்டர் நனைந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்காகவா? ஒரு மருந்துக்காகவா பத்துப் பல்லைச் செதுக்க விட்டாள்? கத்த வேண்டும்போல் இருந்தது. மரத்த உதடு ஒத்துழைக்கவில்லை. “ஏ... ங்ஙா... ஏங்... ஒய்...” என்று ஏதோ வழிந்தது. ஊருக்கெல்லாம் பேச்சு சொல்லிக்கொடுக்கிறவள், ‘ஏம்மா பொய் சொன்னே’ என்ற மூன்று சொல்லைச் சொல்ல முடியாமல் தவித்தாள். அம்மாவுக்கு அது புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரின் குரல் தணிந்தது. ஒரு ஸ்டூலை இழுத்து அம்மாவை உட்கார வைத்தார்.

“இதுல மறைக்க என்னம்மா இருக்கு? உயிரைக் காப்பாத்தக் கொடுத்தது. நான் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். பல்லுல கோடு விழுந்தாலும் பொண்ணு பிழைச்சு வந்திருக்கா. இனி கவலை இல்லை, தாராளமா கம்பி போட்டுடலாம்.”

டீச்சரும் தலையாட்டினாள். கோபம் இறங்கிக்கொண்டிருந்தது. பாவம், முப்பது வருஷத்துக்கு மேலாக இதை நெஞ்சில் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். கையை நீட்டி அம்மாவின் தோளைத் தொட்டாள். பரவாயில்லை என்பதுபோல் அழுத்தினாள்.

அம்மா அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். விட்டால் போய்விடும் என்பதுபோல் பிடித்துக்கொண்டாள்.

“மருந்து கொடுத்ததை மறைக்கலை டாக்டர்.”

“பின்னே?”

“எந்த வார்டு, எப்ப, யார் கொண்டுவந்து சேர்த்தாங்கன்னு நீங்க அடுத்ததா கேட்பீங்க. இவளும் கேட்பா.” அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். “முதல் ரெண்டு தடவையும் ஒருத்தி தூக்கிட்டு வந்து காட்டி, உடம்பு தேறினதும் தூக்கிட்டுப் போனா. மூணாவது தடவை மூலைக் கட்டில்ல படுக்க வச்சிட்டு, பால் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனா. வரவே இல்லை.”

டீச்சரின் கை அசைவற்று நின்றது.

“மூணு தடவையும் என் கையாலதான் கொடுத்தேன்” என்றாள் அம்மா. “ஆனா அப்ப நீ என் பொண்ணு இல்லை, பாப்பா.”