மலை ஸ்டேஷனில் மீசையில்லாமல்

நூம்பலில் வெறும் தணிகாசலம் என்று கேட்டால் எந்தத் தணிகாசலம் என்பார்கள். மீசைக்காரத் தணிகாசலம் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். அப்பேர்ப்பட்ட மீசை! அதைத்தான் மனுஷன் கந்தன்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டான். போன ஐப்பசியில் நாலு வயது மகள் ராணி மூளைக்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, "முருகா, எம்பொண்ணு கண்ணத் தொறக்கட்டும், முடி மீச எல்லாம் உனுக்கே" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதான். குழந்தை பிழைத்துக்கொண்டது. அப்புறம் முருகனிடம் வாயிதா கேட்க முடியுமா?

எண்பத்தேழு தை மாசம் தெருக்காரர்களோடு வேன் பிடித்துப் போய் மலை அடிவாரத்தில் இறங்கினார்கள். மொட்டை போடும் மண்டபத்தில் கூட்டமான கூட்டம்.

"நீ முடி குடுத்துட்டு, குளிச்சிட்டு வாய்யா. நாங்க மேல ஸ்டேஷனாண்ட பார்க்குல குந்திகினு இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவன் மனைவி கன்னியம்மா மகளோடு விஞ்ச்சில் ஏறிவிட்டாள். இரும்புக் கயிறு இழுக்க, மலைமேல் ஊர்ந்து ஏறும் டிராம் வண்டியைத்தான் விஞ்ச் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. உச்சியில் இருக்கும் கருங்கல் ஸ்டேஷனும், அதைச் சுற்றிய பூங்காவும் அந்தக் காலத்துச் சமாச்சாரங்கள்தான்.

தலையும் மீசையும் மழித்து, குளித்து, சந்தனம் அப்பிக்கொண்டு தணிகாசலம் மேலே போய் இறங்கியபோது ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. "நூம்பலைச் சேர்ந்த ராணி என்ற நாலு வயதுக் குழந்தை விஞ்ச் ஸ்டேஷன் வாட்ச்மேனிடம் இருக்கிறது. பெற்றோர் உடனே வரவும்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

பூங்கா வாசலில் வாட்ச்மேன் மடியில் உட்கார்ந்து ராணி முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

"ராணி! அம்மா எங்கம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முறுக்கைப் போட்டுவிட்டு வாட்ச்மேன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள்.

"பாப்பா, இது யாரு? உங்க அப்பாவா?" என்றார் வாட்ச்மேன்.

"இல்ல! எங்க நைனாவுக்கு மீச கீது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாட்ச்மேன் சிரிக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. ஆயிரம் மொட்டை வந்து போற இடம். பிள்ளை தெரியாதுங்குது, நான் எப்படிக் கொடுக்கிறது? அம்மா கோயில் பக்கம் தேடிப் போயிருக்காங்களாம். அவங்க வரட்டும்."

"அண்ணாத்தே, நான் பெத்த பொண்ணு! அவளுக்காவத்தான் மீசையே எடுத்தேன்! ராணி, நைனா கொரலுகூடவா தெரில?"

ராணி வாட்ச்மேன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

யாரை நொந்துகொள்வது? அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனுக்கு வருஷக்கணக்காக நைட் ஷிப்ட். அவள் விளையாடும்போது அவன் தூங்குவான், அவள் தூங்கும்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அவளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியது எப்போது? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்த மீசையைத் தவிரத் தன்னிடம் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுமே இல்லையா? பாழாய்ப்போன பிழைப்பு! பெண்ணைக் காப்பாற்றிக் கொடுத்த முருகன்மேல்கூடக் கோபம் வந்தது அவனுக்கு.

அழுகை முட்டியது. ஊர்ச் சனம் பார்க்கவா அழுவது? பக்கத்தில் அரளிச் செடியோரம் இருந்த சிமெண்டு பெஞ்சில் போய், வீட்டில் பகலில் தூங்குவது மாதிரியே சுருண்டு படுத்து, முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டான். சந்தனத்துக்கு ஈ வந்து மொய்த்தது. விரட்டவும் மனசில்லை.

கொஞ்ச நேரம் போயிருக்கும். முகத்தில் காற்றுப் பட்டது. ஈக்கள் கலைந்தன. மறுபடியும் காற்று. கைக்கு அடியில் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தான்.

பாவாடை நுனியை இரண்டு கையாலும் பிடித்து விசிறிக்கொண்டு ராணி நின்றிருந்தாள். முகத்தில் பயமில்லை. தினம் செய்து பழகிய வேலை மாதிரி, சத்தம் போடாமல், நிதானமாக விசிறினாள். அடித்துப் போட்டாற்போல் தான் தூங்கும் பகலில் எல்லாம் இவள் இப்படித்தான் தலைமாட்டில் நின்றிருக்கிறாளா? ஐயோ, தனக்குத் தெரியவே தெரியாதே!

"ஏய் பாப்பா, அங்க எதுக்குப் போன?" என்று கத்திக்கொண்டே வாட்ச்மேன் ஓடிவந்தார்.

ராணி உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"கத்தாத தாத்தா. எங்க நைனா தூங்கறாரு."