முன்கூட்டியே வந்த பீர்

ஓபெட் எல்லோருக்கும் பீர் ஊற்றச் சொன்னதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. என் அக்கா கெசியாவின் புருஷன் அவர்; நண்டு பிடிக்கும் படகுக்காரர். எச்சில் கையால் காக்கா விரட்டாத மனிதர். போன குளிர்காலத்தில் அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோதுகூட, இழவுக்கு வந்தவர்களுக்கு வெறும் தேநீர்தான்.

"என்ன அத்தான், புதையல் ஏதும் கிடைச்சுதா?"

"ஊத்துன்னா ஊத்து டார்கஸ். கேள்வி கேக்காத."

இங்கிலாந்தில் எங்கள் நார்ஃபோக் கடற்கரையில் துறைமுகம் கிடையாது. படகைக் கூழாங்கல் மேட்டில்தான் இழுத்து வைப்போம். தனி ஆளால் அதை அசைக்க முடியாது. என் பீர்க்கடையில் இருப்பவர்கள் எல்லோரும் போய், அதைக் கடலில் தள்ளத் தோள் கொடுப்பார்கள். படகு திரும்பியதும் படகுக்காரர் பீர் வாங்கித் தருவார். அதனால்தான் யாராவது கல்யாணம், பெயர் சூட்டு விழா என்று தாராளமாகச் செலவழித்தாலும் "படகைத் தள்ளிட்டான்யா" என்கிறோம். ஓபெட் அந்தப் பீரையும் சின்னக் குவளையில்தான் ஊற்றச் சொல்வார். இன்று பெரிய குவளை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படகை விற்றுவிட்டாரோ? அக்காவின் மோதிரத்தையும் சேர்த்தா? இல்லை, என்னையே கட்டிக்கொள்ள அடிபோடுகிறாரோ? நினைத்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

படகு தள்ளுவதில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிற ஜேபஸிடம் குனிந்து சொன்னேன். "இந்தாளு ஏதோ உள்குத்து வச்சிருக்காருடா."

"ஓசி பீர்ல என்னக்கா உள்குத்து? பேசாம ஊத்து. குடிச்சிட்டுப் போய்த் தள்ளிவிடுறோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகு இன்னும் கரையில்தான் நிற்கிறது. திரும்பி வந்து வாங்கித் தர வேண்டிய பீரை யாரும் முன்கூட்டியே தந்ததில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். படகில் நண்டுக்கூடை ஒன்றுகூட இல்லை. இரை வாளி இல்லை. கூடப் போகிற ஆளும் இல்லை.

திரும்பி வர நினைக்கிறவர் இப்படிக் கிளம்பமாட்டார்.

"யாரும் வாயில வைக்காதீங்க!" என்று கத்தி, ஜேபஸின் உதடு வரை போன குவளையைப் பிடுங்கினேன். "அத்தான், கூடையெல்லாம் எங்க?"

அவர் தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றார். ஜேபஸும் ஜன்னலை எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. மற்றவர்களும் குவளைகளை மேசைமேல் வைத்தார்கள்.

"அவ இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியல, டார்கஸ்."

"எனக்கு மட்டும் அவ யாரு? அதுக்காக, இவங்க கையாலயே உங்களத் தள்ளி அனுப்பணுமா? கூடைய ஏத்துங்க. ஜேபஸக் கூட்டிட்டுப் போங்க. திரும்பி வாங்க. அப்புறம்தான் இவங்க குடிப்பாங்க."

அவர் மேசையைப் பார்த்தார். நிரம்பிய குவளைகளில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள சப்புன்னு ஆயிருமே. அத்தனையும் வீணாப்போகுமே."

"போகட்டும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூடையெல்லாம் கொட்டகையில கெடக்கு ஜேபஸ், எடு," என்றார். "சீக்கிரம் வந்துரணும்."