லொரெய்னின் மூட்டுவலி

என் மனைவி லொரெய்னுக்கு மூட்டுவலி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் டென்னிஸ் மாதிரி ஆடும் பிக்கிள்பாலுக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு களத்தில் இறங்கினால், முப்பது வயதுக்காரிகளை மூச்சு வாங்க வைத்துவிடுவாள். அவளுக்கு மூட்டுவலி என்று எழுதியவன் நான். பெயர் டுவைட். முப்பது வருஷம் ஃபான்டானாவில் பழைய கார் விற்றவன். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸில் அந்த வீட்டைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. வீடு சின்னதுதான். கூரையைக் கூட மாற்ற வேண்டும். ஆனால் பின்கட்டில், தரையோடு பதித்த சுடுநீர்த் தொட்டி. பூமிக்கடியிலிருந்தே ஆவி பறக்க வரும் தண்ணீர், எதிரே பனி மூடிய மலை. அதில் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்து மிச்ச ஆயுசைக் கழிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

எங்களை விட அதிகம் தருவதாக இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எங்கள் தரகர் மார்சி கையை விரித்துவிட்டாள்.

"விலையில நீங்க ஜெயிக்க முடியாது டுவைட். ஒரு கடுதாசி எழுதுங்க. வீட்டுச் சொந்தக்காரி வெர்னாம்மா கடுதாசி படிச்சுட்டுதான் வீட்டைக் கொடுப்பாங்களாம்."

இங்கே அது வழக்கம்தான். வீடு கேட்கிறவர்கள் விலையோடு சேர்த்து, விற்கிறவருக்கு மனம் இளக ஒரு கடிதம் வைப்பார்கள். பிள்ளைகள் படம், நாய் படம் எல்லாம் ஒட்டுவார்கள். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, நாயும் இல்லை. வெர்னாவின் கணவர் ஆர்வில் மூட்டுவாதத்தால் முடங்கிப்போய், கடைசி ஒன்பது வருஷம் அந்தத் தொட்டிதான் கதி என்று இருந்தவர் என்று மார்சி பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு அது போதாதா?

'காலையில் படுக்கையை விட்டு எழ என் மனைவிக்கு அரை மணி நேரம் ஆகிறது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. வெட்கங்கெட்ட ஜென்மம்!

மற்ற இருவரையும் தள்ளிவிட்டு வெர்னா எங்களுக்குத்தான் தருவேன் என்றாள். "எப்படிடா நமக்குக் கெடச்சுது?" என்று லொரெய்ன் ஆச்சரியப்பட்டாள். கடிதம் வைத்ததே அவளுக்குத் தெரியாது. "எல்லாம் உன் முகராசி" என்றேன்.

பத்திரக் கையெழுத்துக்கு முந்தின நாள், கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டு வரப் போனோம். வழக்கமாக அந்த நேரத்தில் விற்கிறவர்கள் இருக்க மாட்டார்கள். வெர்னா இருந்தாள். எண்பது வயது, குச்சி போன்ற உடம்பு. லொரெய்னைக் காரிலேயே இருக்கச் சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் இறங்கி மூன்று படியை ஒரே தாவலில் தாண்டி வாசலில் நின்றாள்.

வெர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா, கண்ணு, மெதுவா. இன்னிக்கு நல்ல நாள் போல. ஆர்விலுக்கும் இப்படித்தான், ஒரு நாள் துள்ளுவார், மூணு நாள் படுத்துருவார்."

லொரெய்ன் விழித்தாள். "எனக்கென்னம்மா? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"வா, வா, காட்டறேன்" என்று வெர்னா அவளைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். தொட்டி ஓரத்தில் புத்தம்புது எஃகுக் கைப்பிடி. படிகளில் வழுக்காத விரிப்பு. "உனக்காகப் போன வாரம் ஆள வச்சுப் போட்டேன். உன் வீட்டுக்காரர் கடுதாசிய எங்க சர்ச்சுல படிச்சேன் கண்ணு. அழாத ஆள் இல்ல. பொண்டாட்டிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடற மனுஷன் இந்தக் காலத்துல எங்க இருக்கான்?"

லொரெய்ன் திரும்பி என்னைப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷக் கல்யாணத்தில் அப்படி அவள் பார்த்ததில்லை.

"அம்மா" என்றாள் லொரெய்ன் நிதானமாக. "எனக்கு எந்த வியாதியும் இல்ல. இவன் எழுதினது பொய்."

வெர்னா சிரித்தாள். கோபமே இல்லை. "ஆர்விலும் இதேதான் சொல்வார். சாகற வரைக்கும் தனக்கு ஒண்ணுமில்லன்னார். ரோஷம்! நோயாளிக்கு ரோஷம்தான் முதல்ல வரும்." சொல்லிக்கொண்டே, தள்ளாத வயதில் தரையில் மண்டியிட்டு லொரெய்னின் ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

ஒரு வார்த்தை போதும். 'அவ சொல்றது நிஜம்தாம்மா' என்று நான் சொன்னால் போதும். லொரெய்ன் அதற்காகத்தான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் கையெழுத்து நாளைக்கு. தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"எப்பவுமே இப்படித்தாம்மா இவ" என்றேன். "வலின்னு வாயத் தொறந்து சொல்லவே மாட்டா."

சொன்னேன். என் வாயால் சொன்னேன். லொரெய்ன் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அந்தக் கிழவி ஷூவைக் கழற்றி, காலுறையை உருவி, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டாள். நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குக் குடி வந்து எட்டு மாதம் ஆகிறது. வெர்னா இப்போது நான்கு தெரு தள்ளி, சக்கர வீடுகள் நிறுத்தும் வளாகத்தில் இருக்கிறாள். ஞாயிறு தோறும் சர்ச் முடிந்ததும் ஒரு பாத்திரம் சேமியா சூப்போடு வந்துவிடுவாள். லொரெய்ன் நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் திறப்பாள். ஊரில் எல்லோருக்கும் அவளை மூட்டுவலிக்காரியாகத் தெரியும் என்பதால் மட்டையை எடுப்பதே இல்லை. அது கார் கொட்டகையில் பெட்டிக்குள் கிடக்கிறது.

முதல் மாதமே கெஞ்சிப் பார்த்தேன். "கொஞ்சம் கொஞ்சமா சரியாயிட்டு வருதுன்னு சொல்லிடேன். தண்ணி மகிமைன்னு அந்தம்மாவும் சந்தோஷப்படும்."

லொரெய்ன் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நான் உண்மையைச் சொன்னேன் டுவைட். நீ என்னைப் பொய்க்காரி ஆக்குன. நீ அவங்ககிட்ட வாயத் தொறந்து சொல்ற அன்னிக்கு எனக்குக் குணமாயிடும்."

நேற்றும் ஞாயிறு. வெர்னா வந்தாள். லொரெய்ன் நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். நான் காபி போட்டேன்.