மடிப்பு விட்டுத் தைத்த கால்சட்டை

மடிப்பக்கா என்பது அந்தத் தையற்காரியின் பட்டப்பெயர். எவருக்கு எதைத் தைத்தாலும் ஓரங்களில் ஈரங்குலத் துணியை உள்ளே மடித்துவிடுவாள். உடம்பென்றால் கூடும், குறையும் என்பது அவள் கொள்கை. அவளுடைய கணவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எடை இல்லாமற்போயிற்று. கடைத்தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் அலுவலர் அவர். "ஊர்த் தராசையெல்லாம் சரிபாத்தவரு சொந்த எடையைத் தொலைச்சிட்டாரே அக்கா!" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். மடிப்பக்கா சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. கூரையருகே மிதந்தவருக்கு இடிக்காதபடி மின்விசிறியைக் கழற்றிப் பரணில் வைத்தாள்.

முதல் மாதத்திலேயே கணவர் ஒன்றரை அங்குலம் வளர்ந்தார். பாரம் அழுத்தாமையால் முதுகெலும்பின் கணுக்கள் விலகியிருந்தன. அவள் கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துவிட்டாள். அவருக்கு முகம் உப்பிற்று, கால்கள் சூம்பத் தொடங்கின. அலமாரிச் சட்டத்தில் பாதங்களைக் கோத்து நிலைகொண்டதனால் புறங்கால் காய்ப்பேறி, உள்ளங்கால் பச்சிளங்குழந்தையினதுபோல் மென்மையாயிற்று.

"பாரம் தாங்காத எலும்பு கரைஞ்சு சிறுநீர்ல போயிடும்மா. தெனம் ரெண்டு மணி நேரம் வாரைக் கட்டி மிதிக்க வைங்க. இல்லேன்னா எடை திரும்புற அன்னிக்கே உடைஞ்சு விழுந்துடுவாரு" என்றார் மருத்துவர்.

அவள் எலாஸ்டிக் நாடாவில் வார் தைத்து, அவர் தோள்களையும் தரையில் அடித்த கொக்கிகளையும் பிணைத்தாள். ஒன்பதாண்டுகள் அவர் தரையை மிதித்தார். கெண்டைக்கால் பதின்மூன்று அங்குலத்திலேயே நின்றது. அலுவலகம் விடுப்பை நீட்டிக்கொண்டேயிருந்தது. தெரு அவரை மறந்தேபோயிற்று.

பத்தாம் ஆண்டில் கணவர், "போதும்மா. எடை இனிமே வரப்போறதில்ல. வாரைக் கழட்டிடு" என்றார். அவளுக்கு வருத்தமும் தோன்றவில்லை, நிம்மதியும் தோன்றவில்லை. கழற்றிவிட்டாள்.

நாற்பது நாள் கழித்துப் புதுக் கால்சட்டைக்கு அளவெடுத்தபோது கெண்டைக்காலில் நாடா பதினொன்றரை காட்டியது. அன்று மாலையே சன்னற்கம்பியில் மாட்டிய அவரது கால்சுண்டுவிரல் காய்ந்த குச்சிபோல் ஒடிந்தது.

"வலிக்குதாங்க?"

"தெரியல."

விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு அவள் தையற்பொறியின் முன் அமர்ந்தாள். தொளதொளத்த துணி மிதப்பவர் காலில் பலூன்போல் உப்புமாதலால் இறுக்கியே தைப்பது அவள் வழக்கம். அன்று அளவு பதினொன்றரை. உள்ளே மட்டும் ஈரங்குலம் விட்டாள்.

மேலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். "சூம்பின காலுக்கு மடிப்பு எதுக்கும்மா? வெட்டிடேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்தறுத்தாள்.

"பதின்மூணுக்குப் பிரிக்க வேணாமா? நாளைலேருந்து வாரைக் கட்டறேன்" என்றாள்.