ஐந்தாவது அறையின் வாடகை

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீரணனுக்குக் கால் தரையில் பாவாது. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவன். ஆறு நாள் துணி வெட்டிய உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பானா என்றால், அதுதான் இல்லை. விடிந்ததும் மொபெட்டை உதைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான், விலைக்கு வரும் லைன் வீடு பார்க்க. வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் ஒரே குழாய். வருகிற வாடகையில் பேங்க் தவணை போக கைக்கும் நாலு காசு நிற்க வேண்டும். நிற்காத வீடு அவனுக்கு வீடே இல்லை.

அனுப்பர்பாளையத்தில் ஒன்றுக்கு விலை கேட்டான், தலை சுற்றியது. இன்னொன்று விலை தோதுதான், ஆனால் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. இப்படியே வருடம் ஓடியது. அவன் மனைவி ராமுத்தாய்க்கு நாலு காசு நிற்பதைப் பற்றியெல்லாம் அக்கறை கிடையாது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த நாளாக மண்ணரையில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்து அலுத்துப்போனவள். சாவதற்குள் சொந்த வீட்டில் ஒருநாள் உலை வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

கடைசியில் பார்த்தால், அவர்கள் குடியிருந்த லைனையே விற்கப் போவதாக ஓனர் ஈஸ்வரமூர்த்தி சொன்னார். வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை, நீயே எடுத்துக்கொள் என்றார்.

வீரணன் கணக்குப் போட்டான். ஐந்து அறை வாடகையில் பேங்க் தவணை போக ஐந்நூறு மிச்சம். முன்பணத்துக்கு எடுக்கிற சீட்டை எப்படிக் கட்டுவது? இனி நாம்தான் வாடகை கட்டப் போவதில்லையே, அந்தப் பணம் சீட்டுக்குப் போகட்டும். அடடா, என்ன கச்சிதம்! ராமுத்தாய் கழுத்துச் சங்கிலியைத் தானே கழற்றிக் கொடுத்தாள். பத்திரம் முடிந்த மறுநாள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அவ்வளவு சிரிப்பு அவள் முகத்தில் அவன் பார்த்ததில்லை.

முதல் மாத வாடகை வாங்கப் போனவன் நாலு கதவைத் தட்டினான். ஐந்தாவது கதவு அவனுடையது. அங்கேதான் அவனுக்குத் திக்கென்றது. தன் வாடகையை வருமானத்திலும் சேர்த்திருக்கிறான், இனி கட்ட வேண்டாமென்று சீட்டுக்கு ஒதுக்கியதிலும் சேர்த்திருக்கிறான். நூல் பிசகாமல் வெட்டுகிற மனுஷன், ஒரே துணியில் இரண்டு பனியன் வெட்டிவிட்டான்!

கைமாற்று வாங்கித் தவணை கட்டினான். அடுத்த மாதமும் அதே கதைதான். சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் வாசலுக்கும் குழாய்க்கும் நடந்தான். கம்பெனிக்குப் பின்னால் தொழிலாளர்களுக்கென்று தகர அறைகள் இருந்தன, வாடகை கிடையாது. அங்கே போய்விட்டு இந்த அறையையும் வாடகைக்கு விட்டால்தான் லைன் கைவிட்டுப் போகாது. மென்று விழுங்கி ராமுத்தாயிடம் சொன்னான்.

அவள் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பான்.

"பதினோரு வருசம் அந்த மனுசன் ஒருநாளும் காலி பண்ணச் சொல்லலங்க," என்றாள். "நீங்க வாங்குன மூணாம் மாசமே சொல்லிட்டீங்க."

வீரணனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

ஞாயிறன்று பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். அறை காலியாகிறதாமே, ஓனர் யாரு அக்கா என்று கேட்டாள்.

ராமுத்தாய் நிமிராமல் வெளியே கை காட்டினாள்.

"அந்தா நிக்கிறாருல்ல, அவருதான் ஓனர். நான் காலி பண்ணிட்டுப் போறவ."